தவறான எண்! தவறு யாருடையது?

செல்போன் வைத்திருக்கும் யாரும் இந்த வாக்கியத்தைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது: "தவறான எண். சரியான எண்ணை உள்ளிடவும்." பெட்டிக்குக் கீழே, சிவப்பு நிறத்தில், பொடி எழுத்தில் வரும். என்ன தவறு? சொல்லாது. எப்படித் திருத்துவது? அதையும் சொல்லாது. ஒரு இலக்கம் குறைந்ததா, கூடிவிட்டதா, நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டதா... எல்லாம் பயனரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடிக்கத் தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எண்ணை ஒழுங்காக அடித்தால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்களில் பலர் அந்தச் செயலிகளை எழுதியவர்கள்தான். இந்த வழக்கும் அவர்கள் மேல்தான்.

குற்றச்சாட்டு இதுதான்: செயலிகள் எண்களைச் சரிபார்க்கும் முறை தலைகீழாக இருக்கிறது. யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத இடைவெளி, கமா, கூட்டல் குறி இவற்றிடம் லத்தியைக் காட்டுகின்றன. பத்து மடங்கு அதிகமான தொகையோ, இருபத்துநான்கு மடங்கு அதிகமான மருந்தோ வந்தால் சல்யூட் அடித்து உள்ளே அனுப்புகின்றன. கண்டிப்பு தேவையில்லாத இடத்தில் கண்டிப்பு, தேவையான இடத்தில் தூக்கம்.

பச்சை டிக் வாங்கிய தப்பு எண்

சின்ன உதாரணத்திலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் செல்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள் இருக்கும். இது தெரிந்த நிரலாளர் என்ன செய்கிறார்? பெட்டியில் இலக்கங்கள் மட்டும் விழும்படி வடிகட்டுகிறார். பத்தோடு வெட்டிவிடுகிறார். கீபோர்டையும் எண் கீபோர்டாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்.

இப்போது ஒரு அம்மா வெளியூரில் இருக்கும் மகனுக்கு ரீசார்ஜ் செய்கிறார். அந்த எண்ணை ஒவ்வொன்றாக அடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. மகன் அனுப்பிய செய்தியிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுகிறார். அதில் எண்ணுக்கு முன்னால் +91 இருக்கிறது, நடுவில் இடைவெளியும் இருக்கிறது. வடிகட்டி கூட்டல் குறியையும் இடைவெளியையும் எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது பன்னிரண்டு இலக்கம்: 91, பிறகு உண்மையான பத்து. பத்தோடு வெட்டியதும் கடைசி இரண்டு இலக்கங்கள் காணாமல் போகின்றன.

அடுத்து சரிபார்ப்பு. பத்து இலக்கமா? ஆம். 6 முதல் 9-க்குள் தொடங்குகிறதா? ஆம், 9-ல் தொடங்குகிறது. பச்சை டிக்! அந்த எண் யாரிடமாவது இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும்.

அந்த அம்மா ஒட்டிய எண்ணில் ஒரு பிழையும் இல்லை. பிழையை உண்டாக்கியதே சரிபார்ப்புதான். உண்டாக்கிவிட்டு, அதற்கு "சரி" என்று முத்திரையும் குத்தியது. வெட்டாமல் முழுவதையும் வாங்கி, இலக்கம் அல்லாதவற்றை நீக்கி, பன்னிரண்டு இலக்கமாக இருந்து 91-ல் தொடங்கினால் அந்த 91-ஐயும், பதினொன்றாக இருந்து 0-ல் தொடங்கினால் அந்த 0-வையும் எடுத்துவிட்டு, அதன்பின் பத்து இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். நாலைந்து வரி நிரல். அந்த நாலைந்து வரியை எழுதாத சோம்பலுக்குத்தான் "கண்டிப்பான சரிபார்ப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது ஒன்றும் நடக்காத கற்பனை யோசனை அல்ல. தொலைபேசி எண்ணை மக்கள் தங்களுக்குப் பழகிய எந்த வடிவத்திலும் எழுதலாம், இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எதுவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் பிரிட்டன் அரசுத் தளங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது. ஒரு அரசாங்கமே இடைவெளியை மன்னிக்கும்போது ஒரு ரீசார்ஜ் செயலிக்கு என்ன வீம்பு?

இலக்கங்கள் எல்லாம் எண் அல்ல

இந்தக் குழப்பத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இலக்கங்களால் எழுதப்பட்ட எல்லாவற்றையும் எண் என்று நினைத்துக்கொள்வதுதான் அது.

இரண்டு பேருடைய செல்பேசி எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை யாருக்காவது வந்திருக்கிறதா? அஞ்சல் குறியீட்டை இரண்டால் பெருக்கினால் என்ன கிடைக்கும்? இவை எண்கள் அல்ல, இலக்கங்களால் ஆன பெயர்கள். பெயரை எப்படிச் சேமிப்பார்களோ அப்படி, எழுத்துச் சரமாகத்தான் சேமிக்க வேண்டும். எண்ணாக மாற்றினால் என்ன ஆகும்? 32 பிட் முழு எண்ணில் அடங்கும் அதிகபட்சம் 2,147,483,647. இந்தியச் செல்பேசி எண்கள் அனைத்தும் அதைவிடப் பெரியவை, ஒன்றுகூட அடங்காது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் பறந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 9,007,199,254,740,991-க்கு மேல் போனால் கடைசி இலக்கங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. பதினெட்டு இலக்கக் கணக்கு எண்ணை அதில் எண்ணாக வைத்தால் வால் தானாகவே மாறிப்போகும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது.

இத்தகைய பெயர்-எண்களைச் சரிபார்க்க நல்ல வழிகள் எப்போதோ வந்துவிட்டன. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த முறைக்கு 1960-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வங்கி அட்டைகளின் கடைசி இலக்கம் அந்த முறைப்படி மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரு இலக்கம் மாறினாலும் அது கண்டுபிடித்துவிடும். நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-ல் கொடுத்த முறை இன்னும் ஒரு படி மேல். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அதையும் தப்பாமல் பிடிக்கும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இந்த முறையில்தான் வருகிறது. அதாவது, அடிக்கும்போது நேர்ந்த தடுமாற்றத்தை இணைய இணைப்பே இல்லாமல் போனுக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம்.

எத்தனை செயலிகள் இதைச் செய்கின்றன? பன்னிரண்டு இலக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுபவைதான் எங்கும் கண்ணில் படுகின்றன. எண்ணுக்குள்ளேயே ஒரு காவலாளியை உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவரை எழுப்பக்கூட ஆள் இல்லை!

ஒன்றரை லட்சம் ஒரு ரூபாய் ஆன கதை

சரி, தொகை, எடை, அளவு இவையெல்லாம் உண்மையான எண்கள்தானே? அவற்றையாவது ஒழுங்காக வாங்குகிறார்களா?

ஒருவர் 1,50,000 என்று கமா போட்டு எழுதுகிறார். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பாஸ்புக்கிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் மாற்றிகளான பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் இரண்டும் இதைப் படித்தால் கிடைக்கும் விடை: 1. கமாவைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டு, அதுவரை கிடைத்ததைக் கொடுத்துவிடுகின்றன. பிழை என்று கத்துவதும் இல்லை. ஒன்றரை லட்சம் ஒரு ரூபாயாக நடந்து போகிறது.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே ஒன்றரை என்பதை 1,5 என்று எழுதுவார்கள், 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஐபோனை ஜெர்மன் முறைக்கு வைத்தால் தசம கீபோர்டில் கமாதான் வரும். ஆனால் ஸ்விஃப்ட் மொழியின் சாதாரண எண் மாற்றிக்குப் புள்ளிதான் தெரியும், கமாவைப் பார்த்தால் கையை விரித்துவிடும். கையை விரித்தால் என்ன செய்வது? "பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள் அவசரக்காரர்கள். செயலி நொறுங்காது, உண்மைதான். ஆனால் ஒருவர் கொடுத்த 72,5 கிலோ எடை பூஜ்ஜியம் கிலோ ஆகிவிடும். நொறுங்கியிருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள்.

இலக்கங்களின் உருவமும் ஒன்றல்ல. அரபு, பாரசீக கீபோர்டுகளில் அந்தந்த மொழி இலக்கங்கள் விழுவது அன்றாட விஷயம். தமிழிலேயே ௧௨ என்று எழுதிப் பார்க்கலாம். ஜாவாவின் எண் மாற்றி அதை 12 என்று சரியாகப் படித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் "இது எண்ணே அல்ல" என்று சொல்லிவிடும். போனில் ஒன்று, சர்வரில் இன்னொன்று ஓடினால் ஒரு பக்கம் ஏற்றதை மறுபக்கம் மறுக்கும். நடுவில் நிற்பவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

இவை எல்லாவற்றுக்கும் தீர்வு இருக்கிறது. நாட்டு வழக்கம் பார்த்து எண்ணைப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கூடவே வருகிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பயன்படுத்தத்தான் மனம் வேண்டும்.

கண்டிப்பு வேண்டிய இடம்

இதுவரை பார்த்தது தேவையற்ற கண்டிப்பு. இனி மறுபக்கம். கீழே வரும் மூன்றும் செல்போன் செயலியில் நடந்தவை அல்ல. ஆனால் பெட்டி அதேதான்: ஒரு எண்ணைக் கேட்டது, வந்ததை வாங்கிக்கொண்டது.

டோக்கியோ, 2005 டிசம்பர் 8. மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவன ஊழியர் ஒருவர் ஜே-காம் என்ற நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். அவர் போட்டது 6,10,000 பங்குகளை 1 யென்னுக்கு. அந்த நிறுவனத்தில் மொத்தமாக இருந்த பங்குகளே 14,500-தான்! இருப்பதைப்போல நாற்பத்திரண்டு மடங்கை விற்கச் சொன்ன கட்டளையைக் கணினி ஏற்றுக்கொண்டது. ரத்து செய்ய முயன்றபோது பங்குச் சந்தையின் மென்பொருளில் இருந்த பிழை அதையும் தடுத்தது. நஷ்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென்.

கனடாவின் எட்மண்டன், 2006. புற்றுநோய் நோயாளி ஒருவருக்கு நான்கு நாள் செலுத்த வேண்டிய மருந்து. பம்பில் போட வேண்டிய எண் மணிக்கு 1.2 மில்லிலிட்டர். ஒரு நாளுக்கான அளவை ஒரு மணி நேர அளவாக எடுத்துக்கொண்டு போட்ட எண் 28.8. பம்பு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறியது. நோயாளி இறந்துபோனார். எழுத்துமுறைப்படி 28.8-ல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இலக்கம், புள்ளி, இலக்கம், எல்லாம் ஒழுங்கு. அந்த ஒழுங்கால் யாருக்கு என்ன லாபம்?

மூன்றாவது, 2024 ஏப்ரல். சிட்டி வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு 280 டாலர் வரவு வைக்கப் போய் 81 லட்சம் கோடி டாலர் வரவாகிவிட்டது. அதிகம் பயன்படாத ஒரு மாற்றுத் திரையில், தொகைக்கான பெட்டியில் பதினைந்து பூஜ்ஜியங்கள் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அழித்துவிட்டுத்தான் தொகையை எழுத வேண்டும். எழுதியவர் அழிக்கவில்லை. அடுத்துச் சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாவது ஆள் ஒருவர்தான் கண்டுபிடித்தார். பணம் வெளியே போகாமல் தப்பியது. ஆனால் பதினைந்து பூஜ்ஜியங்களை வரவேற்புக்கு நிறுத்தி வைத்த பெட்டியை வடிவமைத்தவரை விட்டுவிட்டு, அழிக்க மறந்தவரை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமா?

பிரிட்டனில் ஹெரால்ட் திம்பிள்பீ, பால் கெய்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது. எண்ணை அடிக்கும்போது மனிதர்கள் தவறு செய்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அந்தத் தவறைக் கவனிக்க முயலும் கருவிகள்தான் மிகக் குறைவு. இரண்டு தசமப் புள்ளி விழுவது போன்ற பிழைகளைக் கண்டதும் தடுத்தாலே பத்து மடங்குப் பிழைகளை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கலாம் என்று காட்டினார்கள்.

"எச்சரிக்கை காட்டினோமே!"

இங்கே ஒரு பதில் வரும்: "எச்சரிக்கை காட்டினோம், அவர்தான் படிக்கவில்லை." டோக்கியோவிலும் எச்சரிக்கை வந்தது. ஊழியர் அதைத் தாண்டிப் போனார்.

ஏன் தாண்டினார்? புலி வருது புலி வருது என்று கத்திய பையனின் கதை எல்லோருக்கும் தெரியும். இடைவெளி விழுந்தால் சிவப்பு. கமா விழுந்தால் சிவப்பு. முதல் இலக்கத்தை அடித்து முடிப்பதற்குள் "பத்து இலக்கம் வேண்டும்" என்று சிவப்பு. நாள் முழுவதும் அற்ப விஷயத்துக்கெல்லாம் சிவப்பைக் காட்டினால், உண்மையான ஆபத்தில் காட்டும் சிவப்பும் அதே அற்பமாகத்தான் தெரியும். விரல் தானாகவே "சரி"யை அழுத்திவிடும். தேவையற்ற கண்டிப்பும் தேவையான இடத்து அலட்சியமும் இரண்டு தனித்தனிக் குறைகள் அல்ல. முதலாவதுதான் இரண்டாவதை வளர்க்கிறது.

காசோலையைப் பார்த்தாவது கற்றுக்கொண்டிருக்கலாம். தொகையை இலக்கத்திலும் எழுத வேண்டும், எழுத்திலும் எழுத வேண்டும். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. ஒரு பூஜ்ஜியம் கூடினால் கண் ஏமாறும், "பதினைந்தாயிரம்" என்பதை "ஒன்றரை லட்சம்" என்று வாசித்து யாரும் ஏமாறுவதில்லை. பணம் அனுப்பும் ஒவ்வொரு செயலியும் பொத்தானுக்குப் பக்கத்தில் தொகையை எழுத்தில், பெரிதாக, அவரவர் மொழியில் காட்டுவதற்கு என்ன தடை? "இவருக்கு இதுவரை நீங்கள் அனுப்பியதெல்லாம் ஆயிரத்துக்குள். இது ஒன்றரை லட்சம். அனுப்பலாமா?" என்று கேட்டால் அதை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள். "உறுதியாகவா?" என்று மொட்டையாகக் கேட்பது கேள்வியே அல்ல.

சாக்குகள்

"சர்வர் பார்த்துக்கொள்ளும்" என்பது ஒரு சாக்கு. "போனிலேயே பார்த்துவிட்டோம்" என்பது அதற்கு நேர்மாறான இன்னொரு சாக்கு. போனில் செய்யும் சரிபார்ப்பு பயனரின் வசதிக்கு. சர்வரில் செய்வது பாதுகாப்புக்கு. போன் செயலியைத் தொடாமலேயே சர்வருக்குக் கோரிக்கை அனுப்பத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. பொருளின் எண்ணிக்கை -1 என்று ஒருவர் அனுப்பினால், அதை நம்பிக் கணக்குப் போடும் சர்வர் கடைக்காரரிடமிருந்தே பணம் எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும்.

"நேரமில்லை" என்பது மூன்றாவது. பொத்தானை அழுத்தினால் பூ தூவும் அனிமேஷனுக்கு நேரம் இருந்ததே?

உண்மையான காரணம் வகுப்பறையில் இருக்கிறது. கல்லூரி லேபில் மாணவர் ஒரு கால்குலேட்டரோ படிவமோ செய்து காட்டுகிறார். தேர்வாளர் 5 என்று அடிக்கிறார், 10 என்று அடிக்கிறார், விடை சரியாக வருகிறது, மதிப்பெண் போடுகிறார். ஒரு கமாவைப் போட்டுப் பார்ப்பதில்லை, காலியாக விட்டு அழுத்திப் பார்ப்பதில்லை, பத்து மடங்கு போட்டுப் பார்ப்பதில்லை. சரியான எண்ணுக்குச் சரியான விடை தருவதே நிரல் என்று கற்றவர், தவறான எண் வரும்போது தவறு வந்தவருடையது என்றுதான் நினைப்பார். நாளை அவரே மருந்துப் பம்புக்கும் நிரல் எழுதுவார்.

எண்ணைக் கேட்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு. எப்படி எழுதினாலும் புரிந்துகொள்ள முயல வேண்டும். புரியாவிட்டால் எது புரியவில்லை என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், எழுதியதை அழித்துவிடாமல். புரிந்த எண் யாருக்காவது கேடு செய்யும் என்றால் அங்கே உறுதியாக நிற்க வேண்டும். ஒரு நல்ல மளிகைக் கடைக்காரர் இதை எந்த வகுப்பிலும் படிக்காமல் செய்கிறார். "ரெண்டு கிலோ" என்றாலும் "2 கிலோ" என்றாலும் அவருக்கு ஒன்றுதான். "இருநூறு கிலோ உப்பு" என்று ஒரு குழந்தை வந்து கேட்டால் மட்டும் தராசைத் தொடமாட்டார். "வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்கள்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத செயலிக்கு, "தவறான எண்" என்று அடுத்தவரைச் சொல்ல எந்த அருகதையும் கிடையாது.